"சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போன பிள்ளை

நம் ஊரில் கவுன்சிலிங் என்றாலே நாலு நல்ல வார்த்தை எடுத்துச் சொல்வது என்றுதான் நினைக்கிறோம். பையன் படிக்கவில்லையா, புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டையா, "யாராவது கூப்பிட்டு புத்தி சொல்லுங்கப்பா" என்கிறோம். டீச்சராக நானும் பல வருஷம் அதைத்தான் செய்தேன்.

பிளஸ் ஒன் பெண் ஒருத்தி. வரிசையாக மூன்று தேர்வில் மார்க் குறைந்துவிட்டது. கூப்பிட்டு உட்கார வைத்தேன். "படிக்கவே பிடிக்கல டீச்சர்" என்றாள். அவ்வளவுதான், படிப்பின் அருமை, அப்பா படும் கஷ்டம், அந்த வயதில் நான் பட்ட பாடு என்று அரை மணி நேரம் பேசித் தீர்த்தேன். "சரிங்க டீச்சர்" என்று போய்விட்டாள். அவள் அம்மா படுத்த படுக்கையாக இருப்பதும், விடியுமுன் எழுந்து சமைத்துத் தம்பியைக் கிளப்பிவிட்டுத்தான் அவள் பள்ளிக்கு வருகிறாள் என்பதும் இரண்டு மாதம் கழித்து வேறொரு பிள்ளை சொல்லித்தான் தெரிந்தது. அந்த அரை மணி நேரத்தில் நான் அவளை ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அப்புறம்தான் இதை முறையாகக் கற்கப் போனேன். 1953-இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்காகத் தொலைபேசி உதவி ஒன்றைத் தொடங்கினார். அதுதான் சமாரிட்டன்ஸ். அவரைப் பார்க்க வந்தவர்கள் வெளியே காத்திருக்கும்போது டீ கொடுத்துப் பேச்சுத்துணைக்கு இருக்கச் சில தன்னார்வலர்கள் இருந்தார்கள். அவர்களிடம் மனம்விட்டுப் பேசிய பலருக்கு உள்ளே போக வேண்டிய தேவையே இல்லாமல் போனது. அதைக் கவனித்த அவர், அடுத்த வருஷமே காது கொடுத்துக் கேட்கும் வேலையை அவர்கள் கையில் கொடுத்துவிட்டார். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்திலும் காது கொடுத்துக் கேட்பவர்கள் தன்னார்வலர்கள்தான்.

இலங்கைத் தமிழர்கள் இதை உளவளத்துணை என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடிக்கும், அதில் துணை இருக்கிறது. நாம் ஆலோசனை என்கிறோம்.

சரி, கேட்பது என்றால் சும்மா தலையாட்டுவதா? இல்லை. "ஏன் இப்படிப் பண்ணின?" என்றால் நம் பிள்ளைகளின் காதில் அது விசாரணை மாதிரி விழுகிறது, உடனே சாக்குத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொன்னதை நம் வாயால் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்: "வீட்டு வேலை முழுக்க உன் தலையிலதான், இல்ல?" தப்பாகச் சொன்னால் அவர்களே திருத்துவார்கள், பல நேரம் உண்மையான விஷயமே அந்தத் திருத்தத்தில்தான் வெளியே வரும். "ஐயோ பாவம்" வேண்டாம், "எனக்கும் இப்படித்தான் ஆச்சு" வேண்டவே வேண்டாம், பேச்சு நம் கதைக்குப் போய்விடும். சாக வேண்டும் போல இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்த நேரமும் போன் செய்யலாம், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

போன வருஷம் ஒரு பையன் வந்தான். டிபன் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். பத்து நிமிஷம் பேச்சே இல்லை. பெல் அடித்தது. "நாளைக்கு வரட்டுமா டீச்சர்?" என்றான். மறுநாள் இன்டர்வலில் வந்து, அப்பா வீட்டை விட்டுப் போய் இரண்டு வாரம் ஆகிறது என்றான்.