ரிமோட்டைக் கீழே வைக்க விடாத படங்கள்

"தியேட்டர்ல கேக்குறதுதான் அசல் சவுண்ட், ஓடிடியில வர்றது ஜெராக்ஸ்" என்ற பேச்சு சினிமா குரூப்புகளில் அடிக்கடி கண்ணில் படுகிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வசனம், இசை, மற்றச் சத்தங்களை அளவாகக் கலப்பதுதான் மிக்ஸ். தியேட்டருக்குச் செய்யும் மிக்ஸ் ஒரு வேலை, வீட்டுக்குச் செய்யும் மிக்ஸ் இன்னொரு வேலை. நம் படங்கள் பலவற்றில் முதல் வேலைக்குத்தான் கவனம் கிடைக்கிறது, இரண்டாவது பேருக்கு நடக்கிறது. ஓடிடியில் வசனம் கேட்காமல் நாம் திண்டாடுவதற்கு டிவியை மட்டும் திட்டிப் பயனில்லை.

முதலில் தியேட்டர் கதை. 2024 நவம்பர் 14 அன்று 'கங்குவா' வெளியானது நினைவிருக்கும். முதல் நாளே படத்தைவிட அதன் சத்தத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். காது வலிக்கிறது, தலை வலிக்கிறது என்று மீம்ஸ் பறந்தன. வால்யூமை இரண்டு பாயின்ட் குறைக்கச் சொல்லித் தியேட்டர்காரர்களிடம் கேட்டிருப்பதாகத் தயாரிப்பாளர் சொன்னார். அந்தப் படத்தில் வேலை செய்யாத, ஆஸ்கர் வாங்கிய ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டியும் வருத்தப்பட்டு இன்ஸ்டாகிராமில் எழுதினார். சத்தப் போட்டியில் ஒலிக்கலைஞர்களின் கலை மாட்டிக்கொள்கிறது, கடைசி நேரத் திருத்தங்கள்தான் கெடுக்கின்றன என்பது அவர் சொன்னதின் சாரம்.

அந்த "இரண்டு பாயின்ட்" என்பதைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். தியேட்டரில் ஒலியைக் கட்டுப்படுத்தும் கருவியில், அதாவது டால்பி ப்ராசஸரில், 7 என்ற எண்தான் அளவுகோல். மிக்ஸிங் ஸ்டூடியோவிலும் அதே 7, தியேட்டரிலும் அதே 7. அந்த நிலையில் ஒரு சோதனை ஒலியைப் போட்டால் திரைக்குப் பின்னாலிருக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கரும் பார்வையாளர் இடத்தில் 85 டெசிபல் காட்ட வேண்டும். மிக உரத்த நொடியில் ஒரு ஸ்பீக்கர் 105 டெசிபல் வரை போகலாம். ஸ்டூடியோவில் மிக்ஸர் கேட்ட அதே அளவு உங்கள் ஊர்த் தியேட்டரிலும் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

அந்த எண்ணில் ஒரு பாயின்ட் சுமார் 3.3 டெசிபல். இரண்டு பாயின்ட் குறைத்தால் ஆறரை டெசிபலுக்கு மேல் போய்விடும். காதுக்குப் படும் சத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம் காலி. சண்டைக் காட்சி தாங்கும்படி ஆகிவிடும், சரி. ஆனால் கிசுகிசுப்பாகப் பேசும் வசனமும் அதே ஆறரை டெசிபல் இறங்கிவிடுகிறதே! ஏசி சத்தம் இறங்காது, பின் சீட்டில் பாப்கார்ன் மெல்பவர் இறங்க மாட்டார், விசில் அடிப்பவர்கள் இறங்கவே மாட்டார்கள். இப்போது வசனம் கேட்கவில்லை என்று புகார் வரும்.

இதன் அடுத்த கட்டம் இன்னும் மோசம். தியேட்டர்கள் 5-இல்தான் ஓட்டுகின்றன என்று தெரிந்த இயக்குநரும் இசையமைப்பாளரும் அடுத்த படத்தை இன்னும் உரக்க மிக்ஸ் செய்யச் சொல்கிறார்கள். அது வந்ததும் தியேட்டர்காரர் 4.5-க்கு இறக்குகிறார். யார் ஆரம்பித்தது என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுவார்கள். என்னைக் கேட்டால் மிக்ஸிங் டேபிளில்தான் இதை நிறுத்த முடியும். தியேட்டர் ஆபரேட்டர் பாவம், அவரிடம் புகார் சொல்ல ஆள் நேரில் வந்து நிற்கிறது.

இந்த மிக்ஸ்தான் நான்கு வாரத்தில் வீட்டுக்கு வருகிறது. 'கங்குவா' அதற்கும் முன்பே, டிசம்பர் 8-ஆம் தேதியே பிரைமில் வந்துவிட்டது.

வீட்டுக்கென்று செய்யும் மிக்ஸுக்கு நியர்ஃபீல்டு மிக்ஸ் என்று பெயர். சின்ன அறையில், பக்கத்திலேயே ஸ்பீக்கர் வைத்து, 85-க்குப் பதில் 79 முதல் 82 டெசிபல் அளவில் கேட்டுக்கொண்டு செய்வார்கள். எதற்கு இந்த மெனக்கெடல்? பெரிய தியேட்டரில் கூர்மையான ஒலிகள் இயல்பாகவே மழுங்கிக் கேட்கும்படி அளவிட்டு வைத்திருக்கிறார்கள். 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் படிப்படியாகச் சரியும் அந்தக் கோட்டுக்கு எக்ஸ் கர்வ் என்று பெயர். அந்தச் சரிவைக் கணக்கில் வைத்துச் செய்த மிக்ஸை ஹாலில் போட்டால் "ஸ்ஸ்", "ச்ச்" எல்லாம் காதைக் குத்தும். டேப், வட்டுக் காலத்தில் தியேட்டர் மிக்ஸையே அப்படியே பதித்துத் தந்ததால், 90-களில் டிஎச்எக்ஸ் என்ற ஒலித்தரச் சான்று முத்திரை பெற்ற ஆம்ப்ளிஃபையர்களில் இதைச் சரிசெய்ய ரீ-ஈக்யூ என்று தனியாக ஒரு வசதியே வைத்தார்கள். பக்கவாட்டு ஸ்பீக்கர்களும் அப்படித்தான். தியேட்டரில் அவை ஒரு சுவர் முழுக்க வரிசையாக இருக்கும், திரை ஸ்பீக்கரைவிட 3 டெசிபல் குறைவாக அளவிட்டிருப்பார்கள். வீட்டில் ஒரு பக்கத்துக்கு ஒன்றுதான், அளவும் முன் ஸ்பீக்கருக்குச் சமம். அந்த 3 டெசிபலை யாராவது ஞாபகமாகக் குறைக்காவிட்டால் கூட்டச் சத்தம் உங்கள் காதுக்குப் பக்கத்திலிருந்து வரும்.

நெட்ஃபிளிக்ஸ் விதி இதற்கு ஒரு நல்ல அளவைத் தருகிறது. படத்தின் மொத்தச் சத்தத்தை விட்டுவிட்டு, வசனத்தை மட்டும் அளந்து அதன் சராசரி −27-ஐ ஒட்டி இருக்க வேண்டும் என்கிறார்கள் (டிஜிட்டலில் 0-தான் உச்சம், அதற்குக் கீழே அளப்பதால் மைனஸ்). மேலே கீழே 2 வரை சலுகை உண்டு, உச்சம் −2-ஐத் தாண்டக் கூடாது. வசனத்தை நடுவில் ஆணியடித்துவிட்டு மற்றதை அதைச் சுற்றி வைப்பது என்ற யோசனை எனக்குப் பிடிக்கிறது. ஆனால் ஓட்டை இருக்கிறது. தியேட்டர் மிக்ஸை அப்படியே எடுத்து, மொத்தமாக ஏற்றி இறக்கி இந்த எண்ணுக்குள் கொண்டுவந்தாலும் பரிசோதனையில் தேறிவிடும். ஹீரோ கத்தும் வசனமும் அம்மா முணுமுணுக்கும் வசனமும் சேர்ந்துதானே சராசரி! எண் சரியாக இருக்கும், அம்மா பேசியது நமக்குக் கேட்காது.

டிவியில் என்ன நடக்கிறது என்பதையும் பாருங்கள். 5.1 மிக்ஸில், அதாவது ஆறு தடங்களாகப் பிரித்த மிக்ஸில், வசனத்துக்கென்று நடு ஸ்பீக்கர் ஒன்று தனியாக இருக்கிறது. சுவரில் மாட்டிய டிவியில் கீழ்நோக்கிப் பார்க்கும் இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள்தான். ஆறு தடங்களையும் இரண்டில் அடைக்கும்போது வசனம் 3 டெசிபல் குறைந்து இரண்டு பக்கமும் பிரிகிறது. ஏற்கெனவே அங்கே பின்னணி இசை உட்கார்ந்திருக்கிறது, பின் ஸ்பீக்கர்களின் மழையும் கூட்டமும் அதே இடத்துக்கு வந்து சேர்கின்றன. பாஸுக்கென்று, அதாவது அடிவயிற்றில் அதிரும் கனமான ஒலிகளுக்கென்று, இருக்கும் .1 தடத்தைப் பெரும்பாலும் தூக்கியே எறிந்துவிடுவார்கள். கல்யாண ரிசப்ஷனில் லைட் மியூசிக் நடக்கும்போது பக்கத்து நாற்காலி மாமாவிடம் நலம் விசாரிப்பது போலத்தான் வசனத்தின் கதி. அதனால்தான் தமிழ்ப் படத்தையே சப்டைட்டில் போட்டுப் பார்க்கும் தமிழர்கள் இத்தனை பேர். என் வீட்டில் அம்மாவுக்கு ஆங்கில சப்டைட்டில் உதவாது, அதனால் ரிமோட் அவர் மடியிலேயே இருக்கும். பேச்சு வந்தால் ஏற்று, சண்டை வந்தால் இறக்கு.

"நோலன் படத்திலயே வசனம் கேக்கலையே" என்று ஒருவர் கண்டிப்பாக வருவார். 'இன்டர்ஸ்டெல்லர்' வந்த 2014-லேயே அந்தப் புகார் எழுந்தது. தெரிந்தேதான் செய்தேன், சில இடங்களில் வசனமும் ஓர் ஒலி மாதிரிதான் என்று அவர் விளக்கமும் கொடுத்தார். ஒத்துக்கொள்கிறோமோ இல்லையோ, அது ஒரு முடிவு. அவர் படப்பிடிப்பில் பதிவான குரலைத்தான் முடிந்தவரை வைத்துக்கொள்வார். நம் படங்களில் பெரும்பாலானவை டப்பிங். சத்தமில்லாத அறையில், மைக்குக்கு அரை அடியில் நின்று பேசிய சுத்தமான குரல் கையில் இருக்கிறது. அதையும் மீறி வசனம் கேட்கவில்லை என்றால், அதன் மேல் ஆர்ஆர்-ஐ, அதாவது பின்னணி இசையை, யாரோ ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தியேட்டரில் நடு ஸ்பீக்கர் காப்பாற்றிவிடும், வீட்டில் காப்பாற்ற ஆள் இல்லை.

ஹோம் தியேட்டர் வைத்திருக்கும் நண்பர்களின் புலம்பல் இதற்கு நேர் எதிர். வீட்டு மிக்ஸ் என்ற பெயரில் உயிரை எடுத்துவிடுகிறார்கள், பாஸை வெட்டிவிடுகிறார்கள் என்பார்கள். மார்வெல் படங்களின் 4கே வட்டுகளைப் பற்றி, குறிப்பாக 'தோர்: ரக்னராக்' வட்டைப் பற்றி, டிஸ்னி மேல் இந்தக் கோபம் உலகம் முழுக்கவே உண்டு. நியாயமான கோபம். வீட்டுக்கு மிக்ஸ் செய்வதென்றால் எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குத் தட்டையாக்குவது இல்லை. இடி இடியாகத்தான் கேட்க வேண்டும். இடிக்கு முந்தைய காட்சியில் பேசியது புரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நல்ல மிக்ஸர் உட்கார்ந்து காட்சி காட்சியாகச் செய்தால் இரண்டும் முடியும். அவசரத்தில் மொத்தப் படத்தையும், உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைச் சுருக்கும் கம்ப்ரஸருக்குள் விட்டு எடுத்தால் இரண்டும் போகும்.

தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி அட்மாஸில் இந்தியாவின் முதல் படம் தமிழில்தான் வந்தது, 2012 டிசம்பரில் 'சிவாஜி 3டி'. தொழில்நுட்பத்தில் நாம் ஒருபோதும் பின்தங்கியவர்கள் அல்ல. நம்மிடம் ஸ்டூடியோ இருக்கிறது, ஆளும் இருக்கிறார்கள். ரிலீஸுக்கு முந்தைய ராத்திரி வரை திருத்தம் ஓடும் படத்தில், வீட்டு மிக்ஸுக்கு நாள் ஒதுக்குவது யார் என்பதுதான் சிக்கல். ஓடிடி உரிமையைக் கோடிக்கணக்கில் விற்கும் தயாரிப்பாளர் அதில் ஒரு வாரத்தை மிக்ஸருக்குத் தர வேண்டும். படம் தியேட்டரில் இருப்பது சில வாரம், பிறகு காலத்துக்கும் அது வாழப்போவது டிவியிலும் போனிலும்தான். வீட்டு மிக்ஸ் செய்தவர் பெயரை டைட்டிலில் தனியாகப் போடட்டும். பெயர் வந்தால் பொறுப்பும் வரும்.

அதுவரை நம் கையில் இருப்பது இது. ஓடிடி ஆப்பில் ஆடியோ மெனுவைத் திறந்து பாருங்கள். "தமிழ் 5.1" தவிர வெறும் "தமிழ்" என்றும் இருந்தால், டிவி ஸ்பீக்கரில் கேட்பவர்கள் அதைத் தேர்ந்தெடுங்கள், பெரும்பாலும் அது ஸ்டீரியோ. சவுண்ட்பார் வாங்குவதென்றால் நடுவில் வசனத்துக்குத் தனி ஸ்பீக்கர் உள்ளதாக, 3.1 என்று போட்டிருப்பதாக வாங்குங்கள். அட்மாஸ் ஸ்டிக்கர் ஒட்டிய 2.1-ஐவிட அது உங்கள் அம்மாவுக்கு உதவும். உரத்த சத்தத்தை அமுக்கும் நைட் மோடை ராத்திரி மட்டும் போடுங்கள். பகலிலும் அதிலேயே விட்டுவிட்டு "படத்துல பாஸே இல்லப்பா" என்று கமென்ட்டில் வந்து சண்டை போடாதீர்கள்.