இருட்டினால் படம், இல்லையென்றால் தோரணம்

(கோடைக்காலம். மாலை ஐந்து மணி. மொட்டை மாடி. அக்கா பழைய துணிகளைப் பரப்பி வைத்து முக்கோணம் முக்கோணமாக வெட்டிக்கொண்டிருக்கிறாள். தம்பி ஓர் அட்டைப்பெட்டியை மார்போடு அணைத்தபடி படியேறி வருகிறான்.)

தம்பி: தள்ளு தள்ளு! புரொஜெக்டர் வந்தாச்சு. இன்றைக்கு இந்த மாடிதான் தியேட்டர்.

அக்கா: தியேட்டர்காரரே, என் துணியை மிதிக்காமல் வாரும்.

தம்பி: வீட்டிலிருக்கிற கரித்துணி எல்லாம் ஏன் இங்கே வந்திருக்கிறது?

அக்கா: கரித்துணி இல்லைடா, தோரணம். உன் பள்ளிக்கூடச் சட்டை, என் பழைய பாவாடை, கிழிந்துபோன ஜன்னல் திரை. இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு 10 மீட்டர். ஒவ்வொன்றும் 20 சென்டிமீட்டர் அகலம், நடுவில் 5 சென்டிமீட்டர் இடைவெளி. ஆக மொத்தம் 40 முக்கோணம்.

தம்பி: நாற்பதா! அவ்வளவு துணிக்கு எங்கே போவாய்?

அக்கா: ஒன்றை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் வைத்து வெட்டினால் நடுவில் துண்டு விழாது. கயிற்றை மட்டும் கொஞ்சம் நீளமாக எடுத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் நடுவில் தொய்யத்தான் செய்யும்.

தம்பி: ஓரம் தைக்கவே இல்லையே. நாளைக்கே நூல் நூலாகப் பிரிந்து தொங்கப் போகிறது.

அக்கா: ஜிக்ஜாக் கத்தரியில் வெட்டியிருக்கிறேன், பார். ஓரம் பல் பல்லாக இருந்தால் நூல் நீளமாக உருவி வராது. ஒரு கோடைக்கு இது போதும். வருஷக்கணக்கில் உழைக்க வேண்டுமென்றால் இரண்டு துணியைச் சேர்த்துத் தைத்து, நுனித் துணியைக் கத்தரித்துவிட்டு, உள்ளிருந்து வெளியே புரட்ட வேண்டும். நுனியை வெட்டாமல் புரட்டினால் கூர்மை வராது, மொண்ணையாகவே இருக்கும்.

தம்பி: நீ என்னைத்தானே சொல்கிறாய்?

அக்கா: துணியைச் சொன்னேன். சரி, உன் பெட்டியில் என்ன விசேஷம்?

தம்பி: 9000 லூமென்! பெட்டியிலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறான். வெயிலிலும் படம் தெரியும்.

அக்கா: அந்தச் சின்ன எழுத்தில் என்ன போட்டிருக்கிறான்?

தம்பி: (கண்ணருகே வைத்துப் பார்த்து) ஆன்சி 200 லூமென்.

அக்கா: அதுதான் நிஜம். லூமென் என்றால் விளக்கு கொடுக்கும் வெளிச்சத்தின் அளவு, ஆன்சி என்றால் அதை ஒரே மாதிரி அளக்கும் தர முறை. பெரிய எழுத்து நம்மை வாங்க வைப்பதற்கு. உன் திரை எவ்வளவு பெரிது?

தம்பி: 2.4 மீட்டர் அகலம், 1.35 மீட்டர் உயரம். பதினாறுக்கு ஒன்பது. போர்வையில் பென்சிலால் கோடே போட்டுவிட்டேன்.

அக்கா: மூன்றே கால் சதுர மீட்டர் என்று வை. 200 லூமெனை அதில் பரப்பினால் சதுர மீட்டருக்கு 60 லூமென் சொச்சம், அதாவது 60 லக்ஸ் சொச்சம் தேறும். நடுப்பகல் வெயில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் லக்ஸ். மோதிப் பார், யார் ஜெயிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

தம்பி: அதனால்தான் ஆறு மணிக் காட்சி என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன்.

அக்கா: ஆறு மணிக்குச் சூரியனே இறங்கியிருக்காதே! கோடையில் பகல் நீளம். சூரியன் மறைந்த பிறகும் வானத்தில் சில நூறு லக்ஸ் மிச்சம் இருக்கும். தொடுவானத்துக்கு 6 பாகை கீழே போன பிறகுதான் உன் பெட்டிக்கு மரியாதை.

தம்பி: அதற்கு எவ்வளவு நேரமாகும்?

அக்கா: நீ இருக்கும் இடத்தைப் பொறுத்தது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் என்றால் அரை மணி நேரம்கூட ஆகாது. வடக்கே போகப் போக இழுத்துக்கொண்டே போகும். ஸ்டாக்ஹோமில் ஜூன் கடைசியில் முழு இருட்டே வராது.

தம்பி: அங்கே படம் காட்ட என்னை யாரும் கூப்பிடவில்லை.

அக்கா: இங்கேயும் யாரும் கூப்பிடவில்லை, நீயாகத்தான் ஆரம்பித்தாய்.

(தம்பி போர்வையைத் துணி காயப்போடும் கொடியில் போட்டுக் கிளிப் மாட்டுகிறான். அக்கா தோரணத்தைக் கட்டுகிறாள். இந்த ஒரு பத்து நிமிடம் சண்டை இல்லை, ஆகவே எழுதவும் எதுவும் இல்லை.)

தம்பி: நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சிக்கல். படம் தெரிய இருட்டு வேண்டும். இருட்டினால் உன் தோரணம் யார் கண்ணுக்கும் தெரியாது.

அக்கா: சீரியல் லைட் போட்டுவிடுகிறேன்.

தம்பி: போட்டால் அந்த வெளிச்சம் திரையில் அடிக்கும். அறுபது லக்ஸில் பாதியை உன் பல்பே தின்றுவிடும்.

அக்கா: அப்படியானால் ஆறிலிருந்து ஏழு வரை என் காட்சி, அதற்குப் பிறகு உன் காட்சி. வருகிறவர்கள் முதலில் தோரணத்தைப் பார்க்கட்டும்.

தம்பி: ஒரு மணி நேரமா? அதில் கதை எங்கே இருக்கிறது?

அக்கா: உன் சட்டைதான் கதாநாயகன். மையும் கறையுமாக எல்லாக் கதையும் அதில் இருக்கிறது.

தம்பி: (பேச்சை மாற்றி) பெரிய ஆட்கள் எல்லாம் இப்படித்தான் ஆரம்பித்தார்கள், தெரியுமா? அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்று ஒருவர். வீட்டுத் தோட்டத்து மரத்தில் திரையைக் கட்டி, காரின் முன்பக்கத்தில் புரொஜெக்டரை வைத்துப் பார்த்தார். 1933 ஜூன் 6ஆம் தேதி, நியூ ஜெர்சியில் காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் கொட்டகையைத் திறந்துவிட்டார்.

அக்கா: மழை வந்தால் என்ன ஆகும் என்று பார்க்க, காரின் மேல் தண்ணீர் தெளிக்கும் குழாயைத் திறந்துவிட்டாராம், அதையும் சொல். நீ இன்னும் பிளக்கையே மாட்டிப் பார்க்கவில்லை.

தம்பி: இதோ மாட்டுகிறேன். (தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நோக்கிக் கையை நீட்டுகிறான்.)

அக்கா: நில்லு! தரை தகிக்கிறது என்று இப்போதுதான் தண்ணீர் தெளித்தேன். அதைத் தூக்கி ஸ்டூல் மேல் வை. உன் கையையும் துடைத்துக்கொள்.

(ஏழு மணி. வானம் மங்குகிறது. பாய்கள் விரித்தாயிற்று. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள், அவர்களோடு கொசுக்களும்.)

அக்கா: நுழைவுக் கட்டணம் என்று வாசலில் ஒரு அட்டை தொங்குகிறதே, அது யார் வேலை?

தம்பி: துணிச் செலவுக்குத்தான்...

அக்கா: கழற்று. வீட்டு மனிதர்கள் உட்கார்ந்து பார்ப்பது வேறு, காசு வாங்கிக்கொண்டு ஊருக்குப் படம் போடுவது வேறு. அதற்கு உரிமை வைத்திருப்பவரிடம் அனுமதி வாங்க வேண்டும்.

(தம்பி அட்டையைக் கழற்றி, அதையே விசிறியாக்கிக்கொள்கிறான். படம் ஓடத் தொடங்குகிறது.)

அக்கா: திரைக்குப் பின்னால் ஏன் இவ்வளவு வெளிச்சம்?

தம்பி: போர்வை மெல்லிசு, வெளிச்சம் ஊடுருவுகிறது. அந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் படம் தெரியும். 1900இல் பாரிஸ் கண்காட்சியில் லூமியேர் சகோதரர்கள் வேண்டுமென்றே திரையைத் தண்ணீரில் நனைத்து, இரண்டு பக்கமும் ஆட்களை உட்கார வைத்தார்கள்.

அக்கா: அவர்கள் காட்டியது ஊமைப் படம். உன் படத்தில் பெயர் போடும்போது அந்தப் பக்கத்துக்காரன் கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டும். பின்னால் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிடு, போகிற வெளிச்சத்தில் கொஞ்சமாவது திரும்பி வரும்.

தம்பி: விடு அக்கா. சண்டைக்காட்சி வருகிறது, பார்.

அக்கா: பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அடி வாங்கியவன் விழுந்து எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டான், அப்புறம்தான் ‘டிஷ்யூம்’ கேட்கிறது.

தம்பி: புளூடூத் ஸ்பீக்கர். கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

அக்கா: ஒயர் இருக்கிறதா?

தம்பி: இருக்கிறது.

அக்கா: எங்கே?

தம்பி: பெட்டிக்குள். பிரிக்கவில்லை.

(ஒயர் மாட்டப்படுகிறது. வில்லன் இப்போது அடி விழும்போதே அலறுகிறான். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அக்காவின் பார்வை மட்டும் திரைமேல் இல்லை. மங்கலில் தோரணம் படபடக்கும் சத்தம்.)

அக்கா: போர்வையை இறக்குடா.

தம்பி: ஏன்? நல்ல கட்டம்!

அக்கா: தோரணத்தைக் கவனி. சும்மா ஆடிக்கொண்டிருந்தது, இப்போது படுக்கை வசமாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. காற்று வலுக்கிறது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் அந்தப் போர்வையை இருபது கிலோவுக்கு மேல் தள்ளும். உன் கிளிப் எத்தனை கிலோ தாங்கும்?

தம்பி: கிளிப் கம்பெனிக்காரன் அதைச் சொல்லவில்லையே. இடைவேளையில் இறக்குகிறேன்.

(காற்று இடைவேளைக்குக் காத்திருக்கவில்லை. ‘பட் பட்’ என்று நாலு கிளிப்பும் தெறிக்கின்றன. போர்வை ஒரு கப்பல் பாயைப் போலப் புடைத்து, சுவரைத் தாண்டி, இருட்டில் மறைகிறது. படம் மட்டும் நிற்கவில்லை.)

தம்பி: அக்கா! படம் எதிர்வீட்டுச் சுவரில் ஓடுகிறது! மூன்று மடங்கு பெரிசாக!

அக்கா: மூன்று மடங்கு தூரம் போயிருக்கிறது, அதனால் பெரிசு. வெளிச்சம் ஒன்பதில் ஒரு பங்காகிவிட்டது. ஃபோகஸைத் திருப்பு, பேய் மாதிரித் தெரிகிறது.

தம்பி: (திருகியபடி) இப்போது?

அக்கா: பரவாயில்லை. வெள்ளைச் சுவர், சுருக்கமும் இல்லை. உன் போர்வையைவிட நன்றாகவே இருக்கிறது.

(எதிர்வீட்டு மாடி ஜன்னல் திறக்கிறது. கதாநாயகியின் நெற்றிக்கு நடுவில் எதிர்வீட்டுக்காரர் பனியனோடு நிற்கிறார். கையை ஆட்டி ஏதோ சொல்கிறார்.)

தம்பி: செத்தோம். திட்டுகிறார்.

அக்கா: என்ன சொல்கிறார்?

தம்பி: படத்தின் சத்தத்தில் கேட்கவில்லை.

அக்கா: குறைடா முதலில்!

தம்பி: (குறைத்துவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு) தன் வீட்டுச் சுவரில் ஓடுகிற படம் தனக்கு மட்டும் தெரியவில்லையாம். இங்கே வந்தால் உட்கார இடம் இருக்குமா என்று கேட்கிறார்.

அக்கா: தாராளமாக வரச் சொல். கிளம்பும்போது ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டு வரட்டும். அப்படியே அவர் வீட்டு மரத்தில் நம் போர்வை மாட்டியிருக்கும், அதையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்.