சிங்கப்பூர் யுனிவர்சலா, டோக்கியோ டிஸ்னிசீயா?

காரைக்குடிப் பக்கம் எந்தத் தெருவை எடுத்தாலும் சிங்கப்பூரில் ஒரு சொந்தக்காரர் இருப்பார். அதனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு தீம் பார்க் என்றாலே செந்தோசாவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டுடியோஸ்தான். பள்ளி விடுமுறை வந்தால் அந்தச் சுழலும் உருண்டைக்கு முன்னால் நின்று எடுத்த படங்களாகவே வந்து விழும். தங்கை குடும்பம் அங்கே இருப்பதால் நானும் போயிருக்கிறேன். தம்பி வேலை விஷயமாக ஜப்பானில் இருந்த சமயத்தில் டோக்கியோ டிஸ்னிசீயும் பார்த்தேன். இரண்டையும் பார்த்தவன் என்பதால் எது நன்றாக இருக்கும் என்று அடிக்கடி கேட்கிறார்கள். எந்த ரைடு வேகம், எது வயிற்றைக் கலக்கும் என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். ஆனால் நிற்கிற இடத்தை வேறொரு ஊராக, வேறொரு காலமாக நம்ப வைக்கிற வேலை இருக்கிறதே, அதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. பழைய வீடுகளைப் பழுதுபார்த்துக் கொடுப்பது என் தொழில். சுவரும் பூச்சும் தளமும் மரமும்தான் தினசரி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஸ்னிசீதான். கிட்டத்தில்கூட வேறு எதையும் வைக்க மாட்டேன்.

ஏன் என்று சொல்ல எங்கள் வீடுகளிலிருந்து தொடங்க வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் ஒரு செட்டிநாட்டு வீட்டின் முகப்பு வாசலில் நின்று உள்ளே பாருங்கள். நிலைக்கதவு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று பார்வை ஒவ்வொரு நிலையாகத் தாண்டிக்கொண்டே போய்ப் பின்வாசலில் அடுத்த தெருவின் வெளிச்சத்தில் முடியும். இடையில் நிழலும் வெயிலும் மாறி மாறி வரும். வாசலில் நிற்பவனின் கண் எங்கே போய் நிற்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள். வேலைக்கு ஒரு வீட்டைப் பார்க்கப் போனால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். நடுவழியில் ஒரு ஃப்ரிட்ஜ் நின்றாலோ, வளவுக்கு மேலே பச்சை ஃபைபர் தகடு போட்டிருந்தாலோ, பர்மா தேக்குத் தூண் எத்தனை இருந்தும் பயனில்லை. தீம் பார்க்கையும் அப்படித்தான் பார்க்கிறேன். கண் எங்கே போய் முட்டுகிறது?

சிங்கப்பூர் யுனிவர்சல் 2010 மார்ச்சில் திறந்தது. சுமார் 20 ஹெக்டேர் இடம். நடுவில் ஒரு ஏரி, அதைச் சுற்றி ஹாலிவுட், நியூயார்க், சை-ஃபை சிட்டி, பண்டைய எகிப்து, லாஸ்ட் வேர்ல்டு, ஃபார் ஃபார் அவே, மடகாஸ்கர் என்று ஏழு பகுதிகள். மடகாஸ்கர் போய் 2025 பிப்ரவரியில் அங்கே மினியன் லேண்ட் வந்துவிட்டது.

இதில் எகிப்துப் பகுதியைத் தனியாக எடுத்துக்கொண்டால் அருமையான வேலை. அகழாய்வுகள் மும்முரமாக நடந்த 1930களின் எகிப்து என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட காலம். அண்ணாந்து பார்க்க வைக்கும் அனுபிஸ் என்ற எகிப்தியத் தெய்வத்தின் சிலைகள், மணல் நிறக் கல், தூண்களில் சித்திர எழுத்து. நான் ஒரு தூணின் அடியில் குனிந்து, கல்லின் மூட்டு எப்படி விட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் தங்கை மகன் கையைப் பிடித்து இழுத்தான். "மாமா, அங்க பாருங்க, சிவப்பு ரயில்!" நிமிர்ந்தால், அடுத்த பகுதியின் இரட்டை ரோலர் கோஸ்டர். 42.5 மீட்டர் உயரத்துக்குச் சிவப்பிலும் நீலத்திலும் இரும்புத் தண்டவாளம். எகிப்து அந்த நொடியில் முடிந்துபோனது. அந்தக் கோஸ்டர் அதன் இடத்தில் கம்பீரமானதுதான். அதைப் பார்க்கக் கூடாத இடத்திலிருந்தும் பார்க்க முடிவதுதான் சிக்கல்.

இடம் சிறியது, அதற்கு என்ன செய்வது என்று கேட்கலாம். சரி, ஓரளவுக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏரியைச் சுற்றி எல்லாவற்றையும் வைத்துவிட்டு நடுவைத் திறந்து விட்டால், எந்தக் கரையில் நின்றாலும் எதிர்க்கரையில் வேறொரு உலகம் தெரியத்தான் செய்யும். ஃபார் ஃபார் அவேயில் இருக்கும் ஷ்ரெக் படத்துக் கோட்டை 40 மீட்டர். அது நியூயார்க் தெருமுனையிலும் எட்டிப் பார்க்கும். நுழைவுப் பகுதித் தெருவுக்கு மேலே பெரிய பந்தல் போட்டிருக்கிறார்கள். அந்த ஊர் மழை தெரிந்தவர்கள் யாரும் அதைக் குறை சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனாலும் வானத்துக்குப் பதில் இரும்புச் சட்டம் தெரிகிற தெரு, தெரு என்ற உணர்வைத் தருவதில்லை.

இனி டிஸ்னிசீ. 2001 செப்டம்பர் 4 அன்று டோக்கியோவை ஒட்டிய உராயாசுவில் திறந்தது. பெயர் டிஸ்னி என்றாலும் சொந்தக்காரர் ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம். டிஸ்னியிடம் உரிமம் பெற்று நடத்துகிறார்கள். வடிவமைப்பு டிஸ்னிக்காரர்களுடையது, முதல் போட்டது ஜப்பானியர்கள்.

உள்ளே போனதும் தண்ணீர் வழியும் ஒரு பூகோள உருண்டை. அதற்கு அப்பால் மிராகோஸ்டா ஹோட்டல் குறுக்கே நிற்கிறது. பூங்காவில் என்ன இருக்கிறது என்று எதுவும் தெரியாது. ஹோட்டலுக்கு அடியில் உள்ள வளைவு வழியாக நடக்க வேண்டும். அந்த நிழலைக் கடந்து வெளியே வந்தால் துறைமுகம் முழுவதும் விரிகிறது, தண்ணீருக்கு அந்தப் பக்கம் புரோமிதியஸ் என்று பெயர் வைத்த செயற்கை எரிமலை. முகப்பின் இருட்டைத் தாண்டி வளவு வெயிலில் கால் வைக்கிற அதே உத்தி. நான் அங்கேயே நின்றுவிட்டேன், பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அந்த எரிமலை செய்கிற வேலையைப் பாருங்கள். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் இத்தாலியத் துறைமுகத்துக்குப் பின்னணி. உள்ளே போனால் அதன் பள்ளத்துக்குள் ஜூல்ஸ் வெர்ன் நாவலில் வரும் கேப்டன் நீமோவின் ரகசியத் தளம், நீர்மூழ்கிக் கப்பல் கட்டி நிற்கிறது. அந்தப் பள்ளத்துக்குள் நிற்பவனுக்குப் பாறைச் சுவரும் மேலே வானமும் தவிர வேறெதுவும் தெரியாது. ஒரே மலை மறைக்கவும் செய்கிறது, காட்டவும் செய்கிறது. அந்த ஹோட்டலும் அப்படித்தான். பூங்காவுக்குள் ஹோட்டல் தெரிந்தால் பொதுவாகக் குறை. இங்கே ஹோட்டலின் முகமே துறைமுக ஊரின் வீட்டு வரிசை.

அந்த வீட்டு வரிசைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். மேல்மாடி ஜன்னல்களில் பல வெறும் ஓவியம். சட்டம், மரக்கதவு, கதவு சுவரில் விழுத்துகிற நிழல் எல்லாம் வரைந்தது. ஏமாற்று வேலை என்று நினைத்துவிட வேண்டாம். இத்தாலியின் லிகூரியா கடற்கரை ஊர்களில் நிஜ வீடுகளிலேயே ஜன்னலையும் கல்வேலைப்பாட்டையும் சுவரில் வரைகிற பழக்கம் உண்டு. போர்த்தோஃபினோ மாதிரி ஊரைக் காட்ட வேண்டும் என்றால் வரைந்த ஜன்னல்தான் சரியான ஜன்னல். இன்னொன்றையும் கவனித்தேன். ஜன்னல் விளிம்புக்குக் கீழே கறுப்பாக மழைக்கறை தீட்டியிருக்கிறார்கள். தண்ணீர் நிஜமாக எங்கே தேங்கி எங்கே வழியுமோ, சரியாக அங்கே. பழமை தெரிய வேண்டும் என்று சுவர் முழுக்க அழுக்கைப் பூசிவிட்டுப் போகவில்லை. அதைத் தீட்டியவர், நிஜமான பழைய சுவர்களை வெகுநேரம் பார்த்தவர். பாறைகள் கம்பி வலைக்கு மேல் சிமென்ட் அடித்து, காய்வதற்குள் செதுக்கியவை. பூச்சு இறுகுவதற்குள் கை ஓட வேண்டும் என்றால் என்ன என்று எங்கள் கொத்தனார்களுக்குத் தெரியும். அவர்களை ஒருமுறை அங்கே கூட்டிப் போய்க் காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு இன்னும் இருக்கிறது.

இரண்டுக்கும் இடையில் இதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. சிங்கப்பூரில் பெரும்பாலான பகுதிகள் ஒரு படத்தை நம்பி நிற்கின்றன. படம் பார்த்தவனுக்கு "அட, அந்த இடம்!" என்று சந்தோஷம். பார்க்காதவனுக்கு அது ஒரு வண்ணக் கட்டடம். டிஸ்னிசீ முதலில் எடுத்துக்கொண்டது துறைமுகங்களை. மத்தியதரைக் கடல், பழைய நியூயார்க், அரேபியக் கரை என்று. சினிமாவே பார்க்காத எங்கள் அப்பத்தாவைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தாலும், இது கப்பல் வந்து போகிற ஊர் என்று சொல்லியிருப்பார்.

இதற்கு நல்ல உதாரணம், நியூயார்க் துறைமுகப் பகுதியில் 2006இல் திறந்த டவர் ஆஃப் டெரர். வேறு ஊர்களில் இதே பெயரில் வந்த ரைடுகள் ஒரு பழைய தொலைக்காட்சித் தொடரை வைத்துச் செய்தவை. டோக்கியோவுக்காகப் புதுக்கதை எழுதினார்கள். ஹைடவர் என்ற பெரும் பணக்காரர், உலகமெல்லாம் போய்க் கோயில்களிலும் கோட்டைகளிலும் இருந்த அரும்பொருட்களை அள்ளிக்கொண்டு வந்து தன் ஹோட்டலில் குவிக்கிறார். கடைசியாகக் காங்கோவிலிருந்து ஒரு சிலை. 1899 டிசம்பர் 31 இரவு லிஃப்டில் போனவர் காணாமல் போகிறார். ஹோட்டல் மூடிக் கிடக்கிறது. 1912இல் ஒரு பாதுகாப்புச் சங்கம் அதைச் சுற்றிக் காட்டத் திறக்கிறது, நாம் அந்தப் பார்வையாளர்கள். வரிசையில் நிற்கும்போதே சுவரோவியங்களில் அவர் எங்கெங்கே எதை எடுத்துக்கொண்டு ஓடினார் என்று தெரிந்துவிடும். அப்புறம் அவருடைய அறை, அப்புறம் பொருட்கள் அடைந்து கிடக்கும் கிடங்கு. வார்த்தை புரியாவிட்டாலும் கதை புரிகிறது, எல்லாம் பொருளிலேயே இருக்கிறது.

அந்தக் கிடங்கில் நின்றபோது எனக்கு ஊர் நினைவு வந்ததைச் சொல்லியாக வேண்டும். ஆள் இல்லாத பெரிய வீடு, வெளிநாட்டுச் சாமான், சுற்றிப் பார்க்க வருகிறவர்கள். ஆனால் நம் வீடுகளில் இருப்பது அள்ளிவந்தது இல்லை. பர்மா தேக்கும் இத்தாலி சலவைக்கல்லும் பெல்ஜியம் கண்ணாடியும் சுவரில் பதித்த ஜப்பான் பூ டைலும் காசு கொடுத்து வாங்கிக் கப்பலில் ஏற்றியவை. எல்லாம் ஒரே சுவரில் சேர்ந்திருந்தும் அந்த வீடு இத்தாலி என்றோ ஜப்பான் என்றோ யாருக்கும் தோன்றாது. செட்டிநாடு என்றுதான் தோன்றும்.

யுனிவர்சல் நிறுவனத்தால் முடியாது என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் ஆர்லாண்டோவில் 2014இல் திறந்த டயகன் ஆலியை, ஹாரி பாட்டர் கதையில் வரும் மந்திரவாதிகளின் கடைத்தெருவை, நேரில் பார்த்ததில்லை, படித்தும் வீடியோவில் பார்த்தும் தெரிந்துகொண்டதுதான். லண்டன் தெரு ஒன்றின் முகப்புக்குப் பின்னால் மொத்தத்தையும் ஒளித்து வைத்திருக்கிறார்கள். பெயர்ப்பலகை கிடையாது, செங்கல் சுவர் இடைவெளியில் புகுந்தால்தான் தெரியும். அந்தத் துணிச்சல் சிங்கப்பூருக்கு வரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

டிஸ்னிசீ பற்றியும் எனக்குக் கவலை உண்டு. புயலுக்குள் பறக்கிற ஸ்டார்ம்ரைடர் என்ற சொந்தக் கதை ரைடை 2016இல் மூடிவிட்டு, 2017இல் அந்த இடத்தில் 'ஃபைண்டிங் நீமோ' படத்து மீனை வைத்தார்கள். 2024 ஜூன் 6 அன்று திறந்த ஃபேன்டஸி ஸ்பிரிங்ஸின் மூன்று பகுதிகளும் மூன்று படங்கள். கூட்டம் அதற்குத்தான் வருகிறது என்பார்கள். வரட்டும். ஆனால் 2019இல் பறப்பது போன்ற உணர்வு தரும் சோரிங் ரைடைக் கொண்டுவந்தபோது, துறைமுகத்துக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு பழைய அருங்காட்சியகத்தையும், பறக்க ஆசைப்பட்ட ஒரு பெண்ணின் கதையையும் புதிதாக உருவாக்கினார்களே, அந்த வழியை விட்டுவிடக் கூடாது.

இவ்வளவும் எழுதுவது இங்கே நடப்பதைப் பார்த்துத்தான். செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. வீடுகள் விடுதியாகின்றன, நல்லது. வீட்டைக் காப்பாற்ற வருமானம் வேண்டும். அதே சமயம் 'செட்டிநாடு தீம்' என்ற பெயரில் ஃபைபர் தூணும், ஆத்தங்குடிக் கல் மாதிரி அச்சடித்த பளபள டைலும் வருகின்றன. நிஜமான ஆத்தங்குடிக் கல் கண்ணாடி மேல் வார்ப்பது. அச்சுக்குள் சாயக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பார்கள், சூளை கிடையாது. கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வரும், மிதிக்க மிதிக்க மெருகு ஏறும். அச்சடித்த டைல் முதல் நாள்தான் அழகு. ஆத்தங்குடி இங்கே கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது, இந்த மண்ணிலேயே போலியைப் போடுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

விடுதி நடத்துகிறவர்கள் டிஸ்னிசீயிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். எதை மறைப்பது என்று யோசியுங்கள். ஏசியின் வெளிப்பெட்டியை வளவுப் பக்கம் மாட்டாதீர்கள். கறுப்புத் தண்ணீர்த் தொட்டியை ஓட்டுக்கு மேலே தெரிகிற மாதிரி வைக்காதீர்கள். ரிசப்ஷன் மேசையைப் பார்வையின் நடுக்கோட்டில் போடாதீர்கள். காட்ட வேண்டியதை முன்னோர் ஏற்கெனவே கட்டி வைத்துவிட்டார்கள்.

இப்போது ஒரு வீட்டில் வளவுத் தகட்டைக் கழற்றுவது பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். "மழை பெஞ்சா வளவெல்லாம் நனையுமே தம்பி, யாரு தொடைக்கிறது?" என்று ஆச்சி கேட்டார்கள். நியாயமான கேள்வி. பழைய மாதிரியே தகரக் குழாய் ஓட்டுத் தண்ணீரை வாங்கி இறக்கினால் தாழ்வாரம் நனையாது என்று சொன்னேன், சம்மதித்துவிட்டார்கள். தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் அந்தத் தகர வேலை தெரிந்த ஆள் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும்.