மைஎஸ்கியூஎல் 5.7-லிருந்து 8.4-க்கு ஒரே தாவலா?

"மைஎஸ்கியூஎல் 5.7 சர்வரில் நேராக 8.4 பேக்கேஜைப் போட்டு ரீஸ்டார்ட் செய்தால் போதும், ஒத்துவராவிட்டால் பழையதையே திரும்பப் போட்டுக்கொள்ளலாம்" என்று மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் மென்பொருளை அப்கிரேட் செய்வது பற்றிய உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு. யாராவது நம்பி நிஜப் பயன்பாட்டில் உள்ள சர்வரில், அதாவது புரொடக்‌ஷனில் கை வைப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்.

2024 ஏப்ரலில் வந்த 8.4 எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு), 5.7-இன் டேட்டா டைரக்டரியை, அதாவது டேட்டா கோப்புகள் இருக்கும் ஃபோல்டரை, நேரடியாக ஏற்காது. முதலில் 8.0, அப்புறம்தான் 8.4. காரணம், 8.0-இல் டேபிள் அமைப்பு விவரங்களை வைத்திருக்கும் டேட்டா டிக்‌ஷனரியே மாறிவிட்டது. எஃப்ஆர்எம் கோப்புகளில் இருந்த டேபிள் விவரமெல்லாம், டேட்டாவைச் சேமிக்கும் எஞ்சினான இன்னோடிபி-க்குள் போய்விட்டது. பழைய 5.7-க்கு அதைப் படிக்கத் தெரியாது. அதனால் பேக்கேஜை மட்டும் மாற்றித் திரும்ப முடியாது. முன்பே எடுத்து வைத்த பேக்கப்தான் கதி. அதையும் வேறொரு மெஷினில் ரீஸ்டோர் செய்து பார்த்திருக்க வேண்டும்.

"பாஸ்வேர்டு விஷயத்தில் எதுவும் மாறாது" என்று நீங்கள் எழுதியதும் சரியில்லை. 8.4-இல், பழைய முறையில் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் நேட்டிவ் பாஸ்வேர்டு பிளகின் இயல்பாகவே அணைந்திருக்கும். பழைய பிஎச்பி அப்ளிகேஷன்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டும். கான்ஃபிக்கில் அதை ஆன் செய்யலாம், ஆனால் 9.0-இல் அது அடியோடு நீக்கப்பட்டுவிட்டது. யூசர்களை இப்போதே எஸ்எச்ஏ-2 என்ற புதிய பாஸ்வேர்டு முறைக்கு மாற்றிவிடுவது மேல்.

ஒவ்வொரு படிக்கும் முன்னால் மைஎஸ்கியூஎல் ஷெல் என்ற கமாண்ட் லைன் கருவியில் உள்ள அப்கிரேட் செக்கரை ஓட்டிப் பாருங்கள். கான்ஃபிக் கோப்பையும் அதனிடம் கொடுங்கள். நீக்கப்பட்ட ஒரு வரி அதில் மிச்சமிருந்தாலும் சர்வர் எழும்பாது.