படுக்கை போட்ட வேனில் படுக்கவே முடியவில்லை

நேற்று ராத்திரியும் தூக்கம் போச்சு. பூம்புகாரில் கடலோரமாக வேனை நிறுத்தி, உள்ளிருந்தே ரிமோட்டில் பூட்டிவிட்டுப் படுத்தோம். பையன் புரண்டு படுத்தான், அவ்வளவுதான், வேனின் திருட்டு அலாரம் தெருவே எழுந்து வருமளவுக்கு அலறியது! திருவையாற்றில் கொசு அடிக்கக் கையை வீசியதற்கே கத்தியது. கல்லணையில் பின்னிரவில் சிறுநீர் கழிக்கக் கதவைத் திறந்தேன், அதற்கும்! உள்ளே, காதுக்குக் கேட்காத மீயொலி அலை அனுப்பி அசைவைப் பிடிக்கும் சென்சாராம். சரி, அது காலி வண்டிக்கு. படுக்கை போட்டு விற்கிற வண்டியில் ஆள் தூங்குவார் என்று யாருக்கும் தோன்றவில்லையா? உள் சென்சாரை மட்டும் அணைக்கிற பொத்தான் சில வண்டிகளில் உண்டு, எங்களுடையதில் இல்லை. அலாரத்தையே அணைத்துவிட்டால், யாராவது கதவை நெம்பும்போது எங்களை எழுப்புவது யார்? மனைவி விழித்தே கிடக்கிறாள். விடிந்ததும் கொள்ளிடம் தாண்டி நான்தானே ஓட்ட வேண்டும்?