நாங்கள் அப்படிப்பட்ட ஆட்களில்லையாம்

எங்கள் குடும்பத்தில் யாரும் தன்பாலீர்ப்பாளர்களை வெறுப்பதில்லை. கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். அண்ணாவின் மகன், என் மருமகன், தனக்கு ஆண்கள் மீதுதான் விருப்பம் என்று வாய்திறந்து சொன்ன அன்றும் யாரும் கத்தவில்லை. "சரி மனே, முதல்ல சாப்பிடு" என்றார் அண்ணி. (அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். மட்டக்களப்பில் எந்த ஊர் என்று தேடாதீர்கள்.)

மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு வந்த சொந்தங்களெல்லாம் அன்றிரவு எங்கள் விறாந்தையில் பாய் விரித்துப் படுத்தோம். தங்கச்சியின் சின்ன மகன் எப்போதும் மருமகனோடுதான் படுப்பான். அன்றும் தலையணையைத் தூக்கிக்கொண்டு போனான். "இஞ்சால வா, அங்க நுளம்பு" என்று தங்கச்சி அவனைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். நுளம்பு இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். மருமகன் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டான். அந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டி, சோறு தீத்தி வளர்த்தவன் அவன். ஒரே நாளில் அவன் எப்படிப் பிள்ளைகளுக்கு ஆகாதவன் ஆனான்? மறுநாள் தங்கச்சியிடம் நேரே கேட்டேன். "நான் அப்படி நினைக்கல்ல" என்று அழுதாள். அவள் பொய் சொல்லவில்லை. தன் மனசில் இப்படியொன்று கிடப்பது அவளுக்கே தெரியாது.

அப்புறம் இதை நோயென்று நினைத்து அவனுக்கு நூல் கட்டப் புறப்பட்டார்கள். இது நோயல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே தன் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. "எங்கட பண்பாட்டுக்கு ஒத்துவராது" என்கிறார் பெரியப்பா. இவனைக் குற்றவாளியாக்கும் 365, 365ஏ பிரிவுகள் 1883இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டக்கோவையில் உள்ளவை. பெண்களையும் அதற்குள் இழுத்த 1995 திருத்தம் மட்டும் நாங்களே செய்தது. அந்தப் பிரிவுகளை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023இல் உயர் நீதிமன்றமே சொன்னது.

இப்போது எல்லோரும் பிடித்திருக்கும் வழி கல்யாணம். "ஒருத்தியக் கட்டி வெச்சா எல்லாம் சரியாப் போயிடும்." முறைக்கு மச்சாள் என்று என் மகளைத்தான் முதலில் கேட்டார்கள். நான் மாட்டேன் என்றதும் வெளியில் பார்க்கிறார்கள். எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். ஒரு தகப்பன் கடன்பட்டு வீடு கட்டி, எதுவும் தெரியாத மகளை அதற்குள் இவனோடு இருத்தப் போகிறார். அவளுடைய வாழ்க்கையைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் மானம் தப்பினால் போதும்.

அவனுக்கும் இதில் விருப்பமில்லை. அண்ணியிடம் சொல்லிவிட்டேன், எந்த வீட்டுக்குப் பெண் கேட்டுப் போவதென்றாலும் நான் வரமாட்டேன், அண்ணாவையும் போக விடமாட்டேன். அண்ணி என்னோடு பேசுவதில்லை. அவன் தினமும் பேசுகிறான்.