அடுப்பு மேடையில் கிடக்கும் மலை

போன மாதம் மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசம். சாப்பிட்டு முடித்து, வெற்றிலையை மென்றுகொண்டே ஆளாளுக்கு அடுப்படிக்குள் போய் மேடையைத் தடவிப் பார்த்தார்கள். வெள்ளையில் சாம்பல் ஓடிய கிரானைட். "நம்ம ஊர்க் கல்லு மாப்ளே, இந்த மெருகு எதுக்கு வரும்?" என்றார் மாமா. நானும் தடவித்தான் பார்த்தேன். வழவழவென்று நன்றாகத்தான் இருந்தது.

அன்று ராத்திரியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில், கோயிலிலிருந்து திருடுபோன ஸ்ரீபுரந்தான் நடராஜர் சிலை ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்த பழைய செய்தியை யாரோ போட, வரிசையாகக் கும்பிடு. அந்தச் சிலையை 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 2014இல் திருப்பித் தந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்த பழைய போட்டோதான் அது எந்த ஊர்ச் சாமி என்று காட்டிக்கொடுத்தது. அதை விற்ற சிலை வியாபாரி சுபாஷ் கபூர் 2011இல் ஜெர்மனியில் பிடிபட்டு, 2022இல் வேறொரு சிலைத் திருட்டு வழக்கில் கும்பகோணம் நீதிமன்றத்தில் 10 ஆண்டு தண்டனை வாங்கினார். சரி, சந்தோஷம். போட்டோ இருந்தது, சாமி வந்தது.

மலையை வெட்டி எடுத்தால் எந்தப் போட்டோவைக் காட்டி எதைத் திருப்பிக் கேட்பது? பலகையாக அறுத்துப் பாலிஷ் போட்டுக் கப்பல் ஏறிவிட்டால் அது கல்வெட்டு இருந்த மலையா, சும்மா கிடந்த பாறையா என்று யாருக்குத் தெரியும்? சிலையைத் தூக்கினால் திருட்டு என்கிறோம். மலையைத் தூக்கினால் தொழில் என்கிறோம். கீழவளவு, திருவாதவூர் பக்கமெல்லாம் இதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 2012இல் அப்போதைய மதுரை கலெக்டர் சகாயம் கிரானைட் முறைகேட்டால் 16,000 கோடி ரூபாய்க்கு மேல் அரசுக்கு இழப்பு என்று அறிக்கை அனுப்பினார். அது கல்லின் விலை. கல்லோடு போனதற்கு யாரும் கணக்குப் போடவில்லை.

கல்வெட்டு இருக்கிற மலை எப்படி இருக்கும் என்று தெரிய, மேலூர் பக்கத்து மாங்குளத்துக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். மீனாட்சிபுரத்திலிருந்து ஏற வேண்டும், மூச்சு வாங்கும். குகை நெற்றியில் மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் இருக்கக் காடி வெட்டியிருப்பார்கள். கீழே கற்படுக்கைகள், தலைமாட்டில் தலையணை போலக் கொஞ்சம் உயர்த்திச் செதுக்கியது. பாண்டியன் நெடுஞ்செழியனின் அதிகாரி கடலன் வழுதி, கணிநந்தன் என்ற சமணத் துறவிக்குச் செய்துகொடுத்த பள்ளி, அதாவது தங்குமிடம் என்று தமிழி எனும் பழைய தமிழ் எழுத்து சொல்கிறது. வெள்ளறை என்ற ஊர் வணிகர்கள் கொடுத்ததும் அங்கேயே இருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. எழுத்து அந்தப் பாறையில்தான் இருக்கிறது என்பதுதான் விஷயம். பெயர்த்து மியூசியத்தில் வைத்தால் காடியும் படுக்கையும் ஏறி வந்த வழியும் கூட வராது.

2022இல் பக்கத்து ஊரான அரிட்டாபட்டியையும் இந்த மீனாட்சிபுரத்தையும் சேர்த்துப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். இரண்டே வருஷத்தில் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் அந்தப் பகுதியும் வந்து நின்றது. ஊர் ஊராகக் கிளம்பினார்கள், நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தே வந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்து. மந்தையில் உட்கார்ந்து பேசிய சனங்கள் காப்பாற்றிய மலை அது. நாமெல்லாம் லைக் போட்டோம், அவ்வளவுதான்.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாவது படிக்கும்போது கீழக்குயில்குடி சமணர் மலைக்குக் கூட்டிப்போனார்கள். நானும் இரண்டு பயல்களும் கவராயத்தால் பாறையில் பேரைக் கீறினோம். கூட வந்த வாத்தியார் பார்த்துவிட்டு, "எழுத்தை ஒழுங்கா எழுதுங்கடா" என்றார். போன வருஷம் போனபோது தேடினேன். என் இனிஷியல் மட்டும் இன்னும் இருக்கிறது.

எங்கள் வீட்டு வேலை தை மாதம் ஆரம்பிக்கிறது. அடுப்படிக்குக் கிரானைட் வேண்டாம், கடப்பாக் கல் போதும் என்று வீட்டில் சொன்னேன். "அதுவும் எங்கேயோ தோண்டித்தானே எடுக்கிறாங்க?" என்றாள் மனைவி. இன்னும் பதில் சொல்லவில்லை.